படகு கரை பிடித்ததும் சர்வர் தொங்குகிறதே?

கேள்வி: தங்கச்சிமடத்தில் மீன் கம்பெனி வைத்திருக்கிறோம். அலுவலகச் சர்வரில் 4 ஜிபி ராம். உபுண்டு, அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் ஓடுகின்றன. பாம்பன், ராமேசுவரம் கரைகளில் 12 பேர் மொபைல் பிரவுசரில் எடை பதிகிறார்கள். படகுகள் வரும் காலையில் ‘டேட்டாபேஸ் எரர்’ காட்டி நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. 8 ஜிபி ஆக்கினால் தீருமா?

பதில்: ராம் வாங்குவது அப்புறம். சர்வர் நின்ற நேரத்துக் கெர்னல் (லினக்ஸின் உட்கரு) பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நினைவகம் தீர்ந்து, லினக்ஸே ஒரு புரோகிராமைக் கொன்றிருக்கிறது. பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருப்பதைத்தான் கொல்லும். உங்களிடம் அது டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல். ‘டேட்டாபேஸ் எரர்’ வருவது அதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். பக்கங்களை உருவாக்கும் பிஎச்பியை, வெப் சர்வரான அப்பாச்சிக்குள்ளேயே ஓட்டினால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு புராசஸைப் (ஓடும் அப்பாச்சியின் தனிப் பிரதி) பிடித்துக்கொள்ளும். ஒன்றுக்கு 60 எம்பி என்று வையுங்கள் (உங்கள் அளவை ‘டாப்’ கட்டளையின் ‘ரெஸ்’ பத்தியில் பார்க்கலாம்). ஒரு பிரவுசர் ஒரே நேரத்தில் 6 இணைப்பு வரை திறக்கும். 12 மொபைலுக்கு 72 இணைப்பு, 4,320 எம்பி. ராம் அங்கேயே தீர்ந்துவிட்டது. உபுண்டுவில் ‘மேக்ஸ் ரெக்வெஸ்ட் வொர்க்கர்ஸ்’ (ஒரே நேரத்தில் ஓடும் அப்பாச்சி புராசஸ்களின் உச்சவரம்பு) 150 என்றே வரும். அத்தனையும் நிரம்பினால் 9,000 எம்பி. வள்ளம் தாங்கும் அளவைப் பார்க்காமல் ஆள் ஏற்றுகிற கதைதான். 8 ஜிபியும் ஒருநாள் முழுகும்.

4,096 எம்பியில் சிஸ்டத்துக்கு 700, மைஎஸ்க்யூஎல்லுக்கு 1,300, கையிருப்பாக 400 ஒதுக்கினால் மிச்சம் ஏறக்குறைய 1,700. அதை 60-ஆல் வகுத்தால் 28. ‘மேக்ஸ் ரெக்வெஸ்ட் வொர்க்கர்ஸ்’ எண்ணை 25 ஆக்குங்கள். மீறி வருகிற கோரிக்கை வரிசையில் நிற்கும். ஓரிரு வினாடி தாமதம், அவ்வளவே.

இறங்குதளத்தில் சிக்னல் இழுத்தால், பதில் முழுவதும் போய்ச் சேரும்வரை அந்தப் புராசஸ் விடுபடாது. அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வரை வைத்தால் பதிலை அது வாங்கிக்கொண்டு மெதுவாக அனுப்பும். இன்னொன்று: பதில் வராவிட்டால் எடை பதிகிறவர் பொத்தானை மறுபடி அழுத்துவார். சுமை இரட்டிக்கும், ஒரே கூடை இருமுறை பதிவாகும். முதல் அழுத்தலிலேயே பொத்தான் செயலிழக்க வேண்டும். ஒவ்வொரு எடைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் டேட்டாபேஸ் மறுக்க வேண்டும்.

மாதக் கணக்கு ரிப்போர்ட் ‘மெமரி லிமிட்’ (ஒரு பிஎச்பி ஓட்டத்துக்கான நினைவக வரம்பு) இடித்து நின்றால் 128 எம்பியை 1 ஜிபி ஆக்கிவிடாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால் போதும், பழைய கதைதான். 500 வரிகளாகப் பிரித்து எடுங்கள், அதுவும் மதியத்துக்கு மேல்.

2 ஜிபி ஸ்வாப் (ராம் தீர்ந்தால் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) வையுங்கள். ஆனால் அது மிதவைதான். தினமும் அதில் ஓடினால் எல்லாமே ஊரும்.

உப்புக்காற்றில் ராம் முனைகள் கறுத்தாலும் சர்வர் விழும். ஆனால் அது படகு வரும் நேரம் பார்த்து விழாது; ராத்திரி சும்மா இருக்கும்போதும் விழும். அப்படியானால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டி, முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு நிற்கும், சுமை குறையும். அப்போதும் நினைவகம் நாளுக்கு நாள் ஏறினால் புரோகிராமில் கசிவு (எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராத பிழை) இருக்கிறது. ‘மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் பெர் சைல்ட்’ 0-இல் இருக்கும். அதாவது புராசஸ் மூடப்படாமலே ஓடும். அதை 1,000 ஆக்கிவிட்டு (1,000 இணைப்புக்குப் பின் புராசஸ் மூடப்படும்), புரோகிராம் எழுதியவரைக் கூப்பிடுங்கள்.