94 சதவீதம் யாரை ஏமாற்ற? மொழி மாடல் கேள்வி-பதில்

கே: 24 ஜிபி நினைவகம் உள்ள ஜிபியு ஒன்று இருக்கிறது. 7 பில்லியன் பாராமீட்டர் மாடலை முழுதாக ஃபைன்-டியூன் (சொந்த டேட்டாவில் மேல்பயிற்சி) செய்ய முடியுமா?

வழக்கமான முறையில் முடியாது. 16 பிட்டில் வெயிட்டுக்கு (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள், பாராமீட்டர் என்பதும் இவைதான்) மட்டுமே 14 ஜிபி போய்விடும். பயிற்சியில் அந்த எண்களைத் திருத்தத் தேவைப்படும் கிரேடியன்ட், ஆடம் ஆப்டிமைசர் எல்லாம் சேர்ந்தால் 100 ஜிபியைத் தாண்டும். அடிப்படை மாடலைத் தொடாமல் கூடுதலாக ஒட்டும் சிறு பகுதியை மட்டும் பயிற்றும் கியூலோரா முறை போதும், அதில் அடிப்படை மாடல் 4 பிட்டில் 4 ஜிபி அளவுக்குச் சுருங்கிவிடும். ஆரம்பிக்கும் முன் டெஸ்ட் செட்டை, அதாவது பயிற்சியில் காட்டாமல் கடைசிச் சோதனைக்கு வைக்கும் டேட்டாவை, தனியே எடுத்து வையுங்கள்.

கே: என் மாடல் ஃபைன்-டியூனிங்குக்குப் பிறகு உளறுகிறது. என்ன செய்யலாம்?

எந்த மாடல், எவ்வளவு டேட்டா, லேர்னிங் ரேட் (ஒவ்வொரு படியிலும் எவ்வளவு திருத்துவது) என்ன, சாட் டெம்ப்ளேட் (கேள்வி எது, பதில் எது என்று குறித்துக்காட்டும் வடிவம்) பயிற்சியிலும் பயன்பாட்டிலும் ஒன்றேதானா? ஒன்றையும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. டெம்ப்ளேட்டை முதலில் பாருங்கள், பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேதான்.

கே: வாரந்தோறும் மாறும் விலைப்பட்டியலை ஃபைன்-டியூனிங்கில் கற்றுக்கொடுக்கலாமா?

வேண்டாம். அதற்கு ராக், அதாவது கேட்கும் நேரத்தில் விவரத்தைத் தேடி எடுத்து மாடலிடம் கொடுக்கும் முறை. நடையையும் பதிலின் வடிவத்தையும் பழக்கத்தான் ஃபைன்-டியூனிங்.

கே: பொது பெஞ்ச்மார்க்கில் (மாடல்களை ஒப்பிட எல்லாரும் பயன்படுத்தும் கேள்வித் தொகுப்பு) எங்கள் மாடல் 94% எடுத்தது. பயனர்களோ திட்டுகிறார்கள். ஏன்?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பொது பெஞ்ச்மார்க்கின் கேள்வியும் விடையும் இணையத்தில் கிடக்கின்றன. இணையத்தை அள்ளிப் பயிற்சி கொடுத்த மாடல் அவற்றைப் பார்த்திருக்காது என்று எப்படி நம்புகிறீர்கள்? 2020-இல் வந்த ஜிபிடி-3 ஆய்வுக் கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் கேள்விகளோடு ஒத்துப்போகும் பகுதிகளை நீக்க முயன்றார்கள். வடிகட்டும் நிரலில் பிழை இருந்ததால் சில தப்பிவிட்டன, மறுபடி பயிற்சி கொடுக்கச் செலவு கட்டாது என்று அவர்களே எழுதிவைத்தார்கள். அந்த நேர்மையாவது இருந்தது. இப்போது வரும் அறிவிப்புகள் பலவற்றில் பட்டைவரைபடம் மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எந்த செக்பாயின்ட் (பயிற்சியின் நடுவே சேமித்த மாடல் பிரதி) நல்லது என்று அதே டெஸ்ட் செட்டை வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் அது டெஸ்ட் செட்டே இல்லை, தேர்ந்தெடுப்பதற்கான வேலிடேஷன் செட். சொந்த டேட்டாவிலும் இதே கூத்து நடக்கிறது. வரிகளைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கிறார்கள், ஒரே வாடிக்கையாளரின் உரையாடல் இரண்டு பக்கமும் வந்துவிடுகிறது. ஆள்வாரியாகவோ தேதிவாரியாகவோ பிரியுங்கள். பயனர்கள் உண்மையில் கேட்ட கேள்விகளில் ஒரு 200 எடுத்து, விடைகளை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

கே: பாராமீட்டருக்கு 20 டோக்கன் (சொல் அல்லது சொல்துண்டு) என்ற சின்சில்லா ஆய்வின் கணக்குப்படி 8 பில்லியன் மாடலுக்கு 160 பில்லியன் டோக்கன் போதும்தானே?

2022-இல் வந்த அந்தக் கணக்கு, பயிற்சிக்கான கணினிச் செலவை மாடல் அளவுக்கும் டேட்டாவுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதற்கு. மாடலை நாள்தோறும் ஓட்டும் செலவு அதில் இல்லை. அதனால்தான் மெட்டாவின் லாமா 3-இன் 8 பில்லியன் மாடலுக்கு 15 டிரில்லியன் டோக்கன் கொடுத்தார்கள், பாராமீட்டருக்கு 2,000 பக்கம். டேட்டா இருந்தால் நிறுத்தாதீர்கள். டெஸ்ட் செட் அதற்குள் கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மறுபடியும் சொல்கிறேன்.

கே: டோக்கனைசர் (உரையை டோக்கன்களாக வெட்டும் நிரல்) வேறான இரண்டு மாடல்களின் பெர்ப்ளெக்சிட்டியை (அடுத்த டோக்கனை ஊகிப்பதில் மாடல் எவ்வளவு தடுமாறுகிறது என்ற அளவு) ஒப்பிடலாமா?

கூடாது. ஒவ்வொன்றும் உரையை வேறு விதமாக வெட்டுகிறது. பைட் கணக்குக்கு மாற்றி ஒப்பிடுங்கள்.

கே: டெம்பரேச்சர் (பதிலில் தற்செயலின் அளவு) 0 வைத்தும் பதில் மாறுகிறதே?

மாறும். சர்வரில் உங்கள் கேள்வியோடு எத்தனை கேள்விகள் ஒரே பேட்சில் (ஒன்றாகக் கணக்கிடப்படும் தொகுதி) போகின்றன என்பதைப் பொறுத்து தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் பிசகும். இரண்டு டோக்கன்கள் நெருங்கிப் போட்டிபோடும் இடத்தில் அந்தப் பிசகு போதும், அதற்குப் பின் பதில் வேறு வழியில் போய்விடும்.