கையளவுப் பென்சில் நிலக்காட்சியில் என்ன பார்ப்பது?

கேள்வி: மொரிசியஸில் வசிக்கிறேன். பீட்டர் போத் மலையையும் அதன் முன்னால் உள்ள கரும்புத் தோட்டத்தையும் அஞ்சலட்டை அளவுத் தாளில் பென்சிலால் வரைந்து ஒருவர் பரிசளித்தார். "அழகா இருக்கு" என்பதற்கு மேல் இதை எப்படி ரசிப்பது?

பதில்: பென்சில் படாத இடங்களிலிருந்து தொடங்குங்கள். பென்சிலில் வெள்ளை கிடையாது. மேகம், மண்பாதை, கரும்புத் தோகைமேல் விழும் வெயில் எல்லாம் விட்டுவைத்த வெறும் தாள்தான். எங்கே விடுவது என்று முன்பே தீர்மானிக்காதவர் பிறகு ரப்பரால் தேய்த்து வெளிச்சம் எடுத்திருப்பார். விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால், அங்கே தாள் நைந்திருப்பது தெரியும். மேகத்துக்கு அப்படித் தேய்ப்பது தவறில்லை, பாதைக்குத்தான் பொருந்தாது.

அடுத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, கருமைத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். இவ்வளவு சிறிய தாளுக்கு மூன்று நான்கு அடர்த்திகள் போதும். பென்சிலில் எச் என்றால் கடினம், வெளிர்கோடு; பி என்றால் மென்மை, கருங்கோடு; எண் கூடக்கூட அந்தத் தன்மையும் கூடும். தொலைமலைக்கு 2எச் அல்லது இடைப்பட்ட எச்பி, நடுவில் 2பி, முன்னால் நிற்கும் கரும்புக்கு 4பி அல்லது 6பி. காற்றில் ஈரம் கூடக்கூடத் தொலைவு வெளிறும், தீவில் கேட்கவே வேண்டாம். மலைக்கும் கரும்புக்கும் ஒரே கருமை கொடுத்திருந்தால், மலையை வெட்டித் தோட்டத்தின்மேல் ஒட்டியதுபோல் இருக்கும். பெரும்பாலான சிறு ஓவியங்கள் சறுக்குவது இங்கேதான். 6பியை அழுத்தித் தேய்த்த இடம் பளபளக்கும். மென்மையாக அடுக்கடுக்காகத் தீட்டினால் அந்த மினுக்கம் குறையும்.

பீட்டர் போத் என்றால் உச்சியில் தலைபோல் நிற்கும் பாறையைக் கட்டாயம் கவனியுங்கள். 820 மீட்டர் மலையில் அது மிகச் சிறியது. கண் அதையே தேடுவதால், கையும் அதைப் பெரிதாக்கிவிடும். மலை தாளில் 5 செ.மீ. உயரம் என்றால், பாறை ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். ஸ்கேல் வைத்தே பார்க்கலாம். பெரிதாக இருந்தால், எல்லாரும் கண்டுகொள்ளட்டும் என்று வரைந்தவர் கூட்டியிருக்கிறார். எனக்கு அது பிடிக்காது, பிடிப்பவர்களும் உண்டு. மலையின் விளிம்புக்கோடு சில இடங்களில் அழுந்தி, மேகம் தொடும் இடத்தில் அறுபட வேண்டும். ஒரே தடிமனில் ஓடினால் புகைப்படத்திலிருந்து நகலெடுத்ததோ என்று சந்தேகப்படலாம்.

சட்டமிடும்போது கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, தொட்டால் கிராஃபைட் (பென்சில் கரி) அதில் ஒட்டும். இடையில் 2 மி.மீ. தடிமனுள்ள, அமிலமற்ற அட்டையில் ஜன்னல் வெட்டி வையுங்கள். செலோடேப் வேண்டாம், அதன் பசை தாளில் மஞ்சள் கறையாகும். கிராஃபைட் வெயிலில் வெளுக்காது, தாள்தான் பழுக்கும். க்யூர்பிப் மாதிரி மழை ஊரென்றால் வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சைப் புள்ளி வரும். கை எட்டும் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி, கண் உயரத்தில் மாட்டுங்கள். சோபாவுக்கு மேலே மாட்டினால் யாரும் நெருங்கிப் பார்க்க முடியாது.