கறி என்றால் மிளகு

கேள்வி: பழைய வணிக வழிகளில் வாழ்ந்த மக்களின் தாவர அறிவைப் படிக்க ஆசை. சங்கப் பாடல்களிலுள்ள செடிப் பெயர்களைத் தொகுத்து, ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்தால் போதுமா?

பதில்: போதாது. முதலில் காலை வாரிவிடுவது பெயர்தான். சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்த யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கலங்களை 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு (149). அந்தக் கறி மிளகு. இன்று கறி கேட்டால் ஆட்டுக்கறி தருவார்கள். மிளகாயோ போர்த்துகீசியர் காலத்தில் வந்தது, பெயரே மிளகிடம் வாங்கிய கடன். ஆகவே இன்றைய சமையலைச் சங்க காலத்தில் ஏற்றிப் பார்க்காதீர்கள்.

விசாரிப்பதிலும் இதே சிக்கல். கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப் பூ எக்லிப்டாவா, மஞ்சள் பூ வெடேலியாவா? பெயரை எழுதும்போதே பூவும் இலையுமாக ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூவின் நிறத்தை அன்றே குறியுங்கள், காய்ந்தால் மங்கிவிடும். சொல்பவரின் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் மூத்தவர் சொன்னதற்கே எல்லோரும் தலையாட்டுவார்கள்.

கேள்வி: எகிப்தில் பழைய மிளகு அப்படியே கிடைத்ததாமே? அகழாய்வு மண்ணில் விதைகளை எப்படித் தேடுகிறார்கள்?

பதில்: செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைத்திருந்த இந்தியச் சாடியில் 7.55 கிலோ மிளகு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டுச் சரக்கு. பாலைவன வறட்சிதான் காப்பாற்றியது. அப்படி உலர்ந்து நிற்கும் விதைகளை நனைக்கக் கூடாது, ஊறி உப்பிப் பிளந்துவிடும். உலர்வாகவே சலிக்க வேண்டும்.

மழை மண்ணில் பெரும்பாலும் கருகிய விதைதான் மட்காமல் தங்கும். ஒரு குழியிலிருந்து 20 லிட்டர் மண் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் மெல்லக் கிளறினால் கரி மிதக்கும். அதை 0.25 மி.மீ. சல்லடையில் வடிக்க வேண்டும். 2 மி.மீ. சல்லடை வைத்தால் கேழ்வரகு அத்தனையும் நழுவிவிடும். பிறகு அந்த ஊரார் கேழ்வரகே தின்றதில்லை என்று கட்டுரை வரும்! மிளகை இடித்துப் போடுவதே வழக்கமென்றால், முழு மணி அடுப்பில் விழுந்து கருக வாய்ப்பும் குறைவு.

வடித்ததை வெயிலில் வைத்தால் கரி வெடித்துத் தூளாகும். துணியில் முடிந்து நிழலில் தொங்கவிடுங்கள். குழி எண் எழுதிய சீட்டு முடிச்சுக்குள் ஒன்று, வெளியே ஒன்று.