நாற்பது படங்களில் ஒன்று

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். தஞ்சாவூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். வயது 47. இரண்டு வருடங்களுக்கு முன் சேமிப்பிலிருந்து ஒரு கேமரா வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கோயிலுக்கோ கல்லணைக்கோ போய்ப் படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்கும் போய்வந்தேன். அபர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரிக்கும் விதி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். படங்கள் இப்போது தெளிவாக வருகின்றன. வீட்டாரும் சக ஆசிரியர்களும் பாராட்டுகிறார்கள். ஆனால் என் படங்களை வேறொருவர் படங்களோடு கலந்து வைத்தால் எது என்னுடையது என்று எனக்கே தெரியாது. இதைக் கலையாகக் கற்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? ஐம்பதை நெருங்கும் வயதில் தொடங்கலாமா? நல்ல லென்ஸ் ஒன்று வாங்கினால் மாற்றம் வருமா? கணினியில் திருத்துவது கலையில் சேருமா, ஏமாற்றா? நான் எடுத்தவற்றில் 40 படங்களை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தஞ்சாவூர்)

அன்புள்ள நண்பருக்கு,

நாற்பது படங்களையும் இரண்டு முறை பார்த்தேன். நான் புகைப்படக் கலைஞன் அல்லன். இருபது வருடங்களுக்கு மேலாக விடாமல் படமெடுத்து, பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தாளன். அந்தத் தகுதியில் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லணையில் சூரியன் மறையும் படங்கள் ஒன்பது இருந்தன. அந்தி வானத்தின் முன் பெரிய கோயில் விமானம் கறுத்து நிற்கும் படங்கள் ஆறு. முகச் சுருக்கங்களை எண்ணிவிடலாம் என்னும்படி நெருங்கி எடுத்த முதியவர்கள் ஏழு பேர். இவற்றில் பிழை ஏதும் இல்லை. நீங்கள் எடுக்காவிட்டாலும் வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்பதுதான் குறை. ஆனால் 31ஆவது படத்தில் வந்து நின்றுவிட்டேன். உங்கள் பள்ளி ஆய்வகமாக இருக்க வேண்டும். கழுவிக் கவிழ்த்த குடுவைகள் மேசையில் வரிசையாக இருக்கின்றன, ஜன்னல் வெளிச்சம் அவற்றின் வழியே புகுந்து மேசைமேல் வளைந்த கோடுகளாக விழுகிறது, சட்டகத்தின் இடது ஓரத்தில் ஒரு மாணவனின் கை, மணிக்கட்டு வரை மட்டும், கடைசிக் குடுவையை வைத்துவிட்டு விலகுகிறது. கை சற்றுக் கலங்கியிருக்கிறது. மேசையின் விளிம்பும் சாய்ந்திருக்கிறது. முகாமில் காட்டியிருந்தால் குறை சொல்லியிருப்பார்கள். தினமும் அந்த அறையில் நின்று பாடம் நடத்தும் ஒருவரைத் தவிர வேறு யாரும் எடுத்திருக்க முடியாத படம் அது. அதை 31ஆவதாக, இரண்டு சூரியன்களுக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

ஆகவே, எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில், தேர்ந்தெடுப்பதில் தொடங்குங்கள் என்பதே. எடுக்க ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள். எடுத்தவற்றில் எது படம் என்று முடிவு செய்வதை எந்த முகாமும் சொல்லித்தருவதில்லை, ஏனென்றால் இரண்டு நாளில் சொல்லித்தரக்கூடியது அல்ல அது.

ராபர்ட் ஃபிராங்க் என்ற சுவிஸ் நாட்டுக்காரர் 1955இலும் 1956இலும் ஒரு பழைய காரில் அமெரிக்கா முழுவதும் சுற்றி ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்தார். அவற்றிலிருந்து அவர் தொகுத்த நூல் 1958இல் பாரிசில் முதலில் வெளிவந்தபோது அதில் இருந்தவை 83 படங்கள். முந்நூறுக்கு ஒன்று என்ற கணக்குக்கூட இல்லை. ஒதுக்கப்பட்டவற்றில் நல்ல படங்களே இல்லாமலா இருந்திருக்கும்? கார்கள், தேசியக் கொடிகள், உணவகங்கள், சவ ஊர்வலங்கள் என்று திரும்பத் திரும்ப வரும் சிலவற்றை அவர் தம்முடையவை என்று கண்டுகொண்டு, அழகாக இருந்தாலும் அந்த வரிசையில் சேராதவற்றை விட்டுவிட்டார். அந்தக் கண்டுகொள்ளல் பயணத்தில் பாதியும் மேசையில் பாதியுமாக நடந்தது என்று நினைக்கிறேன்.

இதைப் பழகுவதற்கு நான் செய்துவரும் ஒன்றைச் சொல்கிறேன். எடுத்த படங்களை அன்றே பார்ப்பதில்லை. குறைந்தது இரண்டு வாரம் கிடப்பில் போட்டுவிடுவேன். அன்று அடித்த கொள்ளிடக் காற்று, குடித்த டீ, உடன் வந்த நண்பரின் பேச்சு எல்லாம் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; அதெல்லாம் படத்திலேயே இருப்பதாக நமக்குத் தோன்றும், பார்ப்பவருக்கோ அதில் ஒன்றுமே தெரியாது. அந்த நினைவு உலர வேண்டும். அதன்பின் முப்பது நாற்பது படங்களை ஏதாவது ஸ்டுடியோவில் தபால் அட்டை அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரு படம்தான் கண்ணில் படுகிறது. தரையில் பரப்பினால் ஒன்பது சூரியன்களும் ஒரே சூரியன் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்குங்கள், ஒதுக்கும்போது ஏன் என்று பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். ‘அழகாக இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘கண் முதலில் பின்னால் நிற்கும் பைக்கிடம் போகிறது’ என்பதுபோல எழுத வேண்டும். நாலு மாதம் இப்படிச் செய்தால் அந்த வரிகள் படமெடுக்கும்போதே காதில் கேட்கத் தொடங்கும்.

எடுப்பதிலும் ஒரு பயிற்சி சொல்லலாம். ஒரு கத்தரிக்காயை வாங்கி வாருங்கள். சிரிக்காதீர்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் கலிஃபோர்னியாவில் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றுக்குள் வைத்து எடுத்த படம் புகைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது. குனிந்த மனித முதுகைப் போல, இறுக்கிய தசையைப் போல அது தெரியும். குடைமிளகாய்ப் படங்களின் வரிசையில் அதற்கு அவர் இட்ட எண் 30. குடைமிளகாய் அவரைக் கைவிடவில்லை, அவரும் அதை விடவில்லை. நமக்குக் கத்தரிக்காய் போதும். விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்து, காயை மேசையில் வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால் காய் தட்டையாக, ஊதா நிறக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி நகர்ந்தால் அதற்கு வயிறு வந்துவிடும். ஒளி ஒரு விளிம்பில் தொடங்கி மெல்லத் தேய்ந்து மறுபக்க இருளில் முடியும். இன்னும் நெருங்கிப் பாருங்கள், அதன் தோலில் உங்கள் ஜன்னல் முழுவதும் கம்பிகளோடு வளைந்து தெரியும். ஒரு வெள்ளைத்தாளை இருண்ட பக்கத்தில் பிடித்தால் அந்த இருள் சற்றே வாய் திறக்கும். காயை ஜன்னலிலிருந்து ஓரடி, பிறகு நாலடி தள்ளி வைத்து ஒளி எப்படி மெலிகிறது என்று கவனியுங்கள். காலை ஏழு மணிக்கும் பதினொன்றுக்கும் மாலையிலும் எடுங்கள். மூன்றாம் நாள் தோல் சுருங்கி, காம்பு பழுப்பேறிவிடும், அப்போதும் எடுங்கள். பொருளே அலுத்துப்போனபிறகுதான் கண் ஒளியின் பக்கம் திரும்புகிறது. செக் நாட்டின் பிராக் நகரில் யோசெஃப் சுதெக் என்பவர், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், 1940இல் தொடங்கிப் பத்து வருடங்களுக்கு மேல் தம் ஸ்டுடியோ ஜன்னலையே எடுத்துக்கொண்டிருந்தார்: கண்ணாடியில் ஆவி படிந்தபோது, மழையில், பனியில், வெளியே இருந்த ஒரு கோணல் மரத்தோடு.

உங்கள் படங்களில் ஒரு பொதுவான குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை வேட்டிகள் எல்லாம் சாம்பல் பூத்திருக்கின்றன. சுண்ணாம்புச் சுவரின் முன் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் முகத்தில் கண்களே தெரியவில்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு வெள்ளை என்றோ கறுப்பு என்றோ ஒன்று தெரியாது. காண்பதையெல்லாம் சேர்த்து நடுத்தரச் சாம்பலாக்கிவிடுவதே அதன் வேலை. சட்டகத்தில் வெள்ளை மிகுந்தால் அது பயந்து ஒளியைக் குறைக்கும், கரிய முகம் இன்னும் கறுத்துப்போகும். எண்ணெய்ப் பிசுக்கேறிய பெரிய நந்தியை நெருங்கி எடுத்தால் எதிராக நடக்கும்: அந்தக் கருமை வெளுத்துவிடும். கேமராவில் கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் இருக்கும். வெள்ளைச் சுவர் என்றால் ஒரு படி கூட்டுங்கள், நந்தி என்றால் ஒரு படி குறையுங்கள். கைப்பேசிகள் இதைத் தாமே சரிசெய்வதாகச் சொல்லி நம் மக்களின் நிறத்தையே இரண்டு படி வெளுக்கச் செய்துவிடுகின்றன. அதைவிட வேட்டி சாம்பலாவது மேல்.

வயதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1863இல் தம் மகள் பரிசளித்த கேமராவைக் கையில் எடுத்தபோது அவருக்கு 48 வயது; உங்களைவிட ஒன்று கூட. இங்கிலாந்தின் வைட் தீவில் கோழிக் கொட்டகையைப் படமெடுக்கும் கண்ணாடிக்கூடமாகவும் கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். அன்று படத்தகடு தயாரிக்கப் பயன்பட்ட சில்வர் நைட்ரேட்டின் கறை கையில் எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கறையோடுதான் அவர் விருந்தினர்களை வரவேற்றார். படங்கள் கலங்கலாக இருக்கின்றன என்று அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் எள்ளினார்கள். கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்தில் லென்ஸைத் திருகுவதை நிறுத்திவிடுவேன் என்பதே அவர் சொன்ன விளக்கம். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்து, 1879இல் அங்கேயே காலமானார். அவர் வேலை செய்தது ஏறத்தாழ பதினைந்து வருடங்கள்தான்.

லென்ஸ் வாங்க வேண்டாம். இருக்கும் லென்ஸை 50 மில்லிமீட்டரில் வைத்து ஒரு வருடம் திருகாமல் இருங்கள்; நெருங்க வேண்டுமென்றால் நடந்து போங்கள். கருவி மாறினால் நாம் மாறிவிடுவோம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஒரு ரோலுக்கு 36 படங்கள் மட்டுமே என்ற கட்டுப்பாடு கண்ணைத் தீட்டும் என்று நம்பி ஒரு பழைய ஃபிலிம் கேமராவை வாங்கி, சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எடுத்துப்போனேன். ஒவ்வொரு படத்துக்கும் மூச்சைப் பிடித்து, தாலி கட்டும்போது மட்டும் மூன்று. எண் காட்டும் சக்கரம் 36ஐத் தாண்டி 38, 39 என்று போய்க்கொண்டிருந்தபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது. ஃபிலிமின் நுனி சுருள்தண்டில் மாட்டவே இல்லை. முதல் படத்திலிருந்தே ரோல் நகரவில்லை. லீவரைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழ் தானாகச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும், சுழன்றால்தான் ஃபிலிம் ஓடுகிறது என்று பொருள் என்பதைப் பிறகு ஒரு ஸ்டுடியோக்காரர் சொல்லித்தந்தார். சித்தி இன்றும் என்னைக் குடும்பப் படத்தில் நிற்கத்தான் கூப்பிடுவார், எடுக்கக் கூப்பிட மாட்டார்.

திருத்துவது பற்றிக் கேட்டதற்கு உங்கள் ஊரிலேயே பழைய கதை ஒன்று இருக்கிறது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் டிரைப் 1858இல் தஞ்சாவூரையும் மதுரையையும் படமெடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர் அவர். பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். ஒளியைப் பதிக்க நெகட்டிவில் ஏற்றிய அன்றைய வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கே மிகுதியாக மசியக்கூடியவை. ஆகவே நீல வானம் நெகட்டிவில் அடர்ந்து கறுத்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வரும். அந்த வெறுமை பொறுக்காமல் டிரைப் சில நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். அது ஏமாற்றுத்தானே என்றால், ஓரளவுக்கு ஆம். ஆனால் கண் கண்டதற்கும் வேதியியல் தந்ததற்கும் இடையிலிருந்த பள்ளத்தை நிரப்ப அவர் முயன்றார். இன்று கணினியில் நிழலைச் சற்றுத் தூக்குவதும், வேட்டியை வெள்ளையாக்குவதும், ஓரத்தை வெட்டுவதும் அந்த வகையில் சேரும். வேறொரு நாளின் வானத்தை வெட்டி ஒட்டுவதை நான் செய்வதில்லை. செய்பவர்களிடம் சண்டைக்கும் போவதில்லை, அதைச் சொல்லிவிட்டுச் செய்தால்.

கடைசியாக அந்த ஏழு முதியவர்கள். அவர்களில் ஒருவரிடமாவது பெயர் கேட்டீர்களா? பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா? யாரென்றே தெரியாமல் முகத்தின் சுருக்கத்தை மட்டும் பறித்துக்கொண்டு வருவது எனக்கு உவப்பில்லை, நானும் அதைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். சுவரோரத்துப் பெரியவரிடம் ஒரு பிரிண்டோடு மறுபடி போய்ப் பாருங்கள். இரண்டாம் முறை அவர் வேறு மாதிரி உட்காருவார்.

ஆய்வக ஜன்னலில் எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை அங்கேயே எடுங்கள். அடுத்த கடிதத்தில் ஒரு படம் மட்டும் அனுப்புங்கள். மற்றவற்றை ஏன் அனுப்பவில்லை என்று பின்பக்கத்தில் எழுதிய வரிகளையும் சேர்த்து.

அன்புடன்.