பேசியவரும் இடம் கொடுத்தவரும்

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரில் மாதந்தோறும் தமிழ்க் கூட்டம் நடத்தும் சிறு குழுவில் நானும் ஒருவன். அடுத்த மாதம் தாராவிக் குடிசைப் பகுதியின் மறுசீரமைப்பு பற்றிப் பேச ஒரு நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அமைச்சர்களைப் பெயர் சொல்லி விமர்சிப்பார் என்று தெரிந்ததும் மண்டபத்துக்காரர் தயங்குகிறார். வேறு தலைப்பு வைத்துக்கொள்ளுங்களேன் என்கிறார். பிழைக்க வந்த ஊரில் நமக்கு ஏன் இந்த வம்பு என்று எங்கள் குழுவிலும் பாதிப் பேர் கேட்கிறார்கள். தலைவர்களுக்கும் மானம் மரியாதை உண்டுதானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், செம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டத்தை நடத்துங்கள். தலைப்பை மாற்ற வேண்டாம். ஆனால் மண்டபத்துக்காரரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய பயம் காரணமில்லாத பயம் இல்லை.

2025 மார்ச்சில் நம் ஊரில் நடந்தது அவருக்கு நினைவிருக்கும். மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைக் கேலி செய்து பாடியவர் நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா. அடி விழுந்ததோ, அவர் நிகழ்ச்சி நடத்திய ஹேபிடட் அரங்குக்கு. கார் ரோடு (Khar Road) ரயில் நிலையப் பக்கம் இருக்கும் அந்த அரங்குக்குள் ஷிண்டேயின் கட்சிக்காரர்கள் புகுந்து நாற்காலிகளை உடைத்தார்கள். மறுநாளே மாநகராட்சி ஆட்கள் சுத்தியலோடு வந்து, அனுமதியில்லாத கட்டுமானம் என்று ஒரு பகுதியை இடித்தார்கள். முன்னறிவிப்பும் 15 நாள் அவகாசமும் தராமல் கட்டடங்களை இடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த இடத்தில் உண்மையிலேயே விதிமீறல் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டதா?

2012 நவம்பரில் பால்கரிலும் இப்படித்தான். சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்ததும் நடந்த கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் கேள்வி எழுப்பிய ஒரு பெண்ணும், அதற்கு லைக் போட்ட இன்னொரு பெண்ணும் கைதானார்கள். கூடவே, எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திவந்த மருத்துவமனையையும் ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. அவர் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. அந்தக் கைதுகள் தூண்டிய வழக்கில்தான் இணையத்தில் புண்படும்படி எழுதினால் சிறை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச்சில் செல்லாது என்று ஆனது. நல்ல தீர்ப்பு. உடைந்த மருத்துவமனைக்கு அதனால் என்ன கிடைத்தது?

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஆட்சியில் இருப்பவர் பழிவாங்க நினைத்தால் பேசியவரைத் தொடவே வேண்டியதில்லை. இடம் கொடுத்தவரிடம் லைசென்ஸ் இருக்கும், தீயணைப்புத் துறைச் சான்றிதழ் இருக்கும், வரி பாக்கி இருக்கும். ஏதாவது ஒன்றில் கைவைத்தால் போதும். அடுத்த தடவை அவரே மறுத்துவிடுவார். யாரும் எதையும் தடை செய்ததாக எங்கும் பதிவாகாது. பேச்சாளருக்கு ஜாமீன் வாங்கித் தருவதோடு நம் வேலை முடியவில்லை என்று நான் சொல்வது இதனால்தான். மண்டபம், அச்சகம், இணையதளம் எல்லாவற்றுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்.

தலைவர்களுக்கு மானம் உண்டு, சரி. அவதூறு என்று நினைத்தால் உங்களையும் என்னையும் போல அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். போலீஸையும் மாநகராட்சியையும் ஏவக் கூடாது. அரசு வக்கீலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜெயலலிதா ஆட்சியில் அரசு வக்கீல் மூலம் 200-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் போடப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2016-இல் கண்டித்தது. 1994-இல் நக்கீரன் இதழ் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறது: அதிகாரிகள் தங்கள் அலுவல் பணி பற்றிய விமர்சனத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது, உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதியதாக நிரூபித்தால்தான் முடியும். வீட்டை இழக்கப் போகிறவர்களைப் பற்றி ஓர் அமைச்சரிடம் கேள்வி கேட்பது அவருடைய அலுவல் பணி பற்றித்தானே?

பிழைக்க வந்த ஊர் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. 1960-களின் கடைசியில் தென்னிந்தியர் கடைகளும் உடுப்பி ஹோட்டல்களும் தாக்கப்பட்ட நினைவு நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தாராவியில் எத்தனை தலைமுறைத் தமிழர்கள் இருக்கிறார்கள்! அவர்களுடைய வீட்டைப் பற்றிப் பேச யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அப்புறம், ஊரை மாற்றினால் பயம் தீரும் என்றும் நினைக்க வேண்டாம். 1950-இல் பம்பாயிலிருந்து வந்த கிராஸ்ரோட்ஸ் வார இதழுக்குத் தடை போட்டது சென்னை அரசு. அதை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1987-இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சிறைக்கு அனுப்பியது தமிழ்நாடு சட்டமன்றம். அந்தப் பாட்டுக்காக மும்பைப் போலீஸ் வழக்குப் போட்ட காம்ராவுக்கோ, விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருப்பதால், முதலில் இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது சென்னை உயர் நீதிமன்றம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. மண்டபத்துக்காரருடன் உட்கார்ந்து பேசுங்கள். கூட்டத்துக்குக் குழுவே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஸ்டேஷனிலிருந்தோ வார்டு ஆபீஸிலிருந்தோ யாராவது வாய்மொழியாக வேண்டாம் என்றால், பணிவாக, அதை எழுத்தில் கேளுங்கள். வந்தவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சை முழுவதும் பதிவு செய்யுங்கள்; வெட்டி ஒட்டிய துண்டு பரவினால் முழுப் பதிவுதான் கைகொடுக்கும். ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றப் புகார்களில், எஃப்.ஐ.ஆர். போடும் முன் முதற்கட்ட விசாரணை செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச் 28-இல் ஒரு கவிதை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருக்கட்டும்.

அதற்குப் பிறகும் மண்டபம் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். மாட்டுங்காவில் இடம் பார்க்கிறேன். தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்.