அம்மாவுக்கு வருவது அருளா, வலிப்பா?

கேள்வி: டொக்டர், நாங்கள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு 46 வயது, கொழுந்து எடுக்கிறார். நாலு மாதமாக வேலைக்கு நடுவில் திடீரென்று அப்படியே நின்றுவிடுகிறார். அடிவயிற்றிலிருந்து ஏதோ எழும்புகிறதாம், கற்பூரம் கருகின வாசம் வருகிறதாம், மாரியம்மா சிவப்புச் சேலையில் எதிரே நிற்கிறாளாம். கூப்பிட்டால் பேச்சில்லை. வாயை மென்றுகொண்டே சேலைத் தலைப்பைத் திருகுகிறார். ஒன்றிரண்டு நிமிஷத்தில் விட்டுவிடும். பிறகு கொஞ்ச நேரம் எந்த மலையில் நிற்கிறோம் என்றே தெரிவதில்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் அருள் என்கிறார்கள், வெள்ளிக்கிழமை இரவெல்லாம் விழித்திருந்து பூசை நடக்கிறது. கொழும்பில் வேலை செய்கிற தம்பியோ, சாமி தெரிவதெல்லாம் மூளை செய்யும் வேலை என்று விஞ்ஞானம் கண்டுபிடித்துவிட்டது என்கிறான். அம்மா அழுகிறார். மாத்திரை போட்டால் மாரியம்மா போய்விடுவாளா என்று கேட்கிறார். இந்த வருஷத் திருவிழாவில் அவர் கரகம் எடுக்கலாமா?

பதில்: அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மாரியம்மா தெரிந்ததை விட, அம்மா வாயை மென்றதும், தலைப்பைத் திருகியதும், பிறகு மலை தெரியாமல் முழித்ததும்தான் எனக்குக் கவலை தந்தன. வயிற்றிலிருந்து எழும்புவது, இல்லாத வாசம், ஒவ்வொரு தடவையும் அதே காட்சி, பதில் சொல்ல முடியாமை, கடைசியில் குழப்பம். இப்படி வரிசையாக வந்தால் ஒரு வைத்தியர் முதலில் நினைக்க வேண்டியது வலிப்பு.

வலிப்பு என்றால் விழுந்து, கை கால் இழுத்து, நுரை தள்ளுவது என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறோம். இன்னொரு வகை இருக்கிறது. காதுக்குச் சற்று மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் இருக்கும் மூளைப் பகுதியில் மட்டும் மின்னோட்டம் கொஞ்ச நேரம் தாறுமாறாகும். வாசனை, ஞாபகம், பயம், மனம் உருகுவது எல்லாமே அந்தப் பகுதியோடு சம்பந்தப்பட்டவை. அதனால்தான் கற்பூரமே இல்லாத இடத்தில் கற்பூரம் கருகுகிறது. கடிதத்தை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க மாட்டேன். ஆனால் திருவிழா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். என் அப்பாயிக்கு அருள் வரும். தப்பு மேளச் சத்தம் ஏற ஏற, முதலில் அவரது வலது கால் பெருவிரல் தரையைக் கீறத் தொடங்கும். பக்கத்தில் நிற்கிற பெண்கள் அதைப் பார்த்தவுடனே ஒருவர் குழந்தைகளைப் பின்னால் இழுப்பார், இன்னொருவர் கொண்டையை அவிழ்த்துவிடுவார். அப்புறம் குலவை, ஆட்டம். கேட்டவர்களுக்குக் குறி சொல்வார். பூசாரி திருநீறு பூசினதும் உட்கார்ந்து, மஞ்சள் தண்ணீர் குடித்துவிட்டு, "தட்டு எங்கடி?" என்று கேட்பார். அவ்வளவுதான், முடிந்தது. அப்பாயியின் அருள் மேளத்துக்கு வந்தது, கூட்டத்துக்கு நடுவில் வந்தது, கேள்விக்குப் பதில் சொன்னது, திருநீறு பூசினால் இறங்கியது. அதை நான் நோய் என்று சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் அம்மாவுக்கு வருவது மேளம் கேட்டு வரவில்லை. கொழுந்துக் கூடையோடு நிற்கும்போது வருகிறது, கூப்பிட்டால் கேட்பதில்லை, போன பிறகு ஆளைக் குழப்பிவிட்டுப் போகிறது. லயத்துப் பெரியவர்களிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள். அருளைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள், விளங்கிக்கொள்வார்கள்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. மூளையைத் தொட்டால் அனுபவம் வரும் என்பது உண்மைதான். கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், விழித்திருந்த வலிப்பு நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டபோது, சிலருக்கு எங்கேயோ பாட்டுக் கேட்டது, பழைய காட்சிகள் கண்முன் வந்தன. 2002இல் சுவிட்சர்லாந்தில் ஒலாஃப் பிளாங்கே குழுவினர் ஒரு பெண்ணின் மூளையில் வேறொரு இடத்தைத் தூண்டியபோது, தான் உடலை விட்டு மேலே மிதப்பதாக அவர் சொன்னார்.

ஆனால் மூளைக்குள் சாமிக்கென்று ஒரு பொத்தான் இருப்பது போல நடக்கும் பேச்சு சரியில்லை. கனடாவில் மைக்கேல் பெர்சிங்கர் மெல்லிய காந்தப்புலம் தரும் ஒரு தலைக்கவசம் செய்து, அதைப் போட்டவர்கள் பக்கத்தில் யாரோ இருப்பதாக உணர்ந்தார்கள் என்றார். அது உலகமெங்கும் பேசப்பட்டது. 2005இல் சுவீடனின் உப்சாலாவில், காந்தம் ஓடுகிறதா இல்லையா என்பது போட்டவருக்கும் தெரியாமல், சோதித்தவருக்கும் தெரியாமல் செய்து பார்த்தார்கள். காந்தத்தால் எந்த வித்தியாசமும் வரவில்லை. சொன்னதை எளிதில் உள்வாங்கும் மனமுள்ளவர்களுக்கே அனுபவம் கூடுதலாக வந்தது. 2006இல் மொன்றியலில் 15 கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து, இறைவனோடு ஒன்றிய நேரத்தை நினைவுகூரச் சொன்னார்கள். மூளையின் பல பகுதிகள் சேர்ந்து வேலை செய்தன.

இன்னொன்றையும் தம்பி யோசிக்க வேண்டும். அவன் சாமிமலைப் பக்கம் போய் எதிரே இருக்கும் தேயிலை மலையைப் பார்த்தாலும் அவனுடைய மூளையில் மின்சாரம் ஓடும், ஸ்கேனில் தெரியும். அதை வைத்து மலை இல்லை என்று சொல்ல முடியுமா? அதே ஸ்கேனைக் காட்டி சாமி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. காட்சி எந்த வழியாக வருகிறது, அதில் நோய் கலந்திருக்கிறதா என்பதை மூளை விஞ்ஞானம் சொல்லும், மிக நன்றாகவே சொல்லும். அதற்கு மேல் கேட்டால் அது வைத்தியரிடம் கேட்கும் கேள்வி இல்லை. காட்சி காண்பவர்கள் எல்லோரும் நோயாளிகளும் இல்லை. 1971இல் டெவி ரீஸ் என்ற வைத்தியர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்ததாகவோ, அவரைக் கண்டதாகவோ, குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். நம் லயங்களிலும் கணவனை இழந்த பெண்கள் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அவருடைய செருமலைக் கேட்டதாகச் சொல்லுவதுண்டு. அதற்கு மாத்திரை வேண்டாம், கூட உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். அடுத்த தடவை வரும்போது ஒருவர் அம்மா விழாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுங்கள். வைத்தியருக்கு அதைப் போல உதவுவது வேறில்லை. தோட்ட வைத்தியரிடம் கடிதம் வாங்கி, கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியின் நரம்பியல் கிளினிக்கில் காட்டுங்கள். தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுப்பார்கள். வலிக்காது. ஒரு தடவை எடுத்தது சரியாக வந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. 46 வயதில் புதிதாக வருவதால் மூளை ஸ்கேனும் கட்டாயம் வேண்டும்; கட்டி, பழைய தழும்பு எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு விழிப்பை உடனே நிறுத்துங்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு கூடும். பூசையை மாலையிலேயே முடிக்கலாம். வேப்பிலை அடி, சாட்டை அடி எதுவும் அம்மா மேல் படக் கூடாது. அது வரும்போது கையில் இரும்பு கொடுக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். கானோரத்திலிருந்தும் (வடிகால் ஓரத்திலிருந்தும்) அடுப்பிலிருந்தும் மெதுவாக விலக்குங்கள், விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரி. தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் பீலிக்கரைக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், செங்குத்து மலையிலும் கொஞ்ச நாள் வேண்டாம். கங்காணியிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். உலகில் சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு இருக்கிறது, முறையாக வைத்தியம் செய்தால் 70 சதவீதம் வரையானவர்கள் வலிப்பு வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாத்திரை தொடங்கினால் வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் விடக் கூடாது, விரத நாளிலும்தான்.

மாரியம்மா போய்விடுவாளா என்று அம்மா கேட்டதற்கு நான் மழுப்ப மாட்டேன். இது வலிப்பாக இருந்தால், மாத்திரை வேலை செய்யும்போது மலையில் தெரியும் அந்தச் சிவப்புச் சேலை பெரும்பாலும் தெரியாமல் போகும். முன்பு என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. இரண்டு மாதம் அழுதார். பிறகு ஒரு நாள் கிளினிக்கில், "தெரியறதில்ல சாமி, ஆனா வெளக்கேத்தையில முன்ன மாதிரியேதான் நெஞ்சு நெறையுது" என்றார். உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். நாலு மாதத்துக்கு முன்னால் அவர் கும்பிட்டதும் இதே மாரியம்மாவைத்தானே.

கரகத்துக்கு வைத்தியரின் சம்மதம் வாங்குங்கள். மாத்திரைக்குப் பிறகு வலிப்பு அடங்கியிருந்தால், இரண்டு பக்கமும் ஆள் வர, பகலில் எடுக்கலாம். தீமிதி மட்டும் இந்த வருஷம் வேண்டாம்.