60 அடி பிரெஞ்ச் டிரெயினுக்கு 9,000 டாலரா?

வணக்கம். கனடாவில், பிராம்ப்டன் வீட்டு பேக்யார்டில் மார்ச் முழுக்கத் தண்ணீர் தேங்குகிறது, 60 அடிக்கு பிரெஞ்ச் டிரெயின் (பள்ளம் தோண்டி, துளைக் குழாய் வைத்து, ஜல்லி போட்டு மூடும் வடிகால்) போட 9,000 டாலர் கேட்கிறார்கள், நியாயமா என்று கேட்டிருந்தீர்கள்.

அடிக்கு 150 டாலர். எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் தோண்டிய மண்ணை அள்ளிப் போவதும் அதில் சேர்த்தியா என்று பாருங்கள். துளைக் குழாய்க்கு ஆகும் காசு கொஞ்சம்தான். பணத்தைத் தின்பது கூலியும் ஜல்லியும் மண்ணும். ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றாலே 90 கன அடி களிமண். தோண்டியதும் அது இன்னும் உப்பும். பக்கவாட்டு கேட்டில் மெஷின் நுழையாவிட்டால் எல்லாம் தள்ளுவண்டிதான். விலை ஏறுவது அங்கேதான்.

அதற்கு முன்னால், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? என் வீட்டில் சுவரோரமே கொட்டிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து இறங்கும் குழாயை ஆறடி நீட்டினேன், பாதிக் குளம் காணாமல் போச்சு. செலவு ஒரு பீட்சா விலை.

மார்ச்சில் மேலே பனி உருகும், அடிமண் உறைந்தே கிடக்கும். டிரெயின் குழாயில் தண்ணீர் நின்றால் அதுவும் உறையும். அதனால் 100 அடிக்கு 1 அடியாவது சரிவு, தண்ணீர் வெளியேறும் வெளிவாய் எங்கே, இரண்டையும் எழுதி வாங்குங்கள். வெளிவாய் பக்கத்து வீட்டைப் பார்த்தால் வம்புதான்.

அப்புறம், தோண்டும் முன் ஒன்டாரியோ ஒன் கால் (Ontario One Call) என்ற, நிலத்தடி லைன்களைக் குறிக்க ஏற்பாடு செய்யும் சேவையில் சொல்லிவிடுங்கள். கேஸ் லைனைக் குறித்துக் கொடுப்பது இலவசம்.